அந்த வருடத்துப் பதினோரு ஆல்பங்கள்

எங்கள் லேபில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஸ்ட்டக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். லேப் என்றால் ரத்தம் சோதிக்கிற இடம் இல்லை. பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற இடம். அக்கா இருபத்தாறு வருடமாக அங்கே பல் செய்கிறார். மூன்றாவது மாடியில் ஜன்னலை ஒட்டிய மேஜை அவருடையது. ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, மெழுகு வெட்டும் கத்திகள் நாலு, பல்லின் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை, எதிரே இரும்புச் சட்டத்தில் யாரோ ஒருவருடைய தாடையின் பிளாஸ்டர் அச்சு. காதில் எப்போதும் இயர்போன். கிளினிக்குகளிலிருந்து வரும் அச்சுகளைப் பதிந்து வாங்குவதும், முடிந்த பல்லைப் பத்திரமாகப் பெட்டியில் கட்டி அனுப்புவதும் என் வேலை. என் மேஜையிலிருந்து பார்த்தால் அக்காவின் முதுகும், தாளத்துக்கு லேசாக ஆடும் அவருடைய பாதமும் தெரியும்.

லிஸ்ட் என்றால் மளிகை லிஸ்ட் இல்லை. வருடா வருடம் டிசம்பரில் அக்கா பத்து ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதுவார். சினிமாப் பாட்டு அதில் கிடையாது. பெரிய கம்பெனி வெளியிட்டு ஊரெல்லாம் முணுமுணுக்கிற பாட்டும் கிடையாது. எங்கேயோ நாலு பேர் சேர்ந்து கார் நிறுத்துகிற ஷெட்டில் வாசித்து, தாங்களே பதிந்து, தாங்களே இணையத்தில் ஏற்றிவிட்டது எதுவோ அதுதான் அக்காவுக்கு வேண்டும். இண்டி என்று அதற்குப் பேர். பாடுகிறவர்களுடைய மொழி பாதி நேரம் அக்காவுக்குத் தெரியாது. பேர் வாயில் நுழையாத குழுக்களுக்கு அவரே பட்டப்பேர் வைத்துவிடுவார். ‘மழைக்கோட்டுப் பசங்க’, ‘தபால்கார மூவர்’, ‘கோபக்காரத் தங்கச்சி’ என்று லேபில் எல்லோரும் அந்தப் பேர்களையே சொல்வோம்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒரு நாள் கேட்டேன். லேபில் மோட்டார் சத்தம் ஓயாது. அதை மறைக்கத்தான் சேர்ந்த புதிதில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தாராம். தெரிந்த பாட்டென்றால் வாய் கூடவே பாடும், கை தாளத்துக்கு ஓடும். ஒரு தடவை பாட்டின் வேகத்தில் ஒரு பெரியவருடைய முன்பல்லைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டார். திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

“அன்னைக்கு முடிவு பண்ணேன். அடுத்தது என்ன வரும்னு எனக்குத் தெரியாத பாட்டா இருக்கணும். அப்பதான் கை அதுபாட்டுக்கு வேலை செய்யும்,” என்றார்.

கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் அடுக்கி முடிக்க முக்கால் மணி நேரம். ஒரு நல்ல ஆல்பமும் முக்கால் மணி நேரம்தான். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல், தள்ளாமல் கேட்பார். அப்படி ஐந்து தடவை கேட்காத எதுவும் லிஸ்ட்டில் ஏறாது. எழுதும்போது ‘அருமை’, ‘பிரமாதம்’ என்ற வார்த்தைகளுக்குத் தடை. “சாப்பாடு நல்லாயிருக்குன்னு சொன்னா என்ன தெரியும்? உப்பு எப்படி, காரம் எப்படின்னு சொல்லணும்” என்பார்.

அவர் எழுதியவற்றில் எனக்கு மனப்பாடமானது ஒன்று: ‘நான்கு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வாசித்த மாதிரி இருக்கிறது. கடைசி இரண்டு பாட்டில் சமாதானம் ஆகிவிட்டார்கள். அது சுமார்.’

முதல் வருடம் லிஸ்ட்டைத் தனக்காக மட்டும் ஒரு பழைய வேலைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தார். அதை நான் பார்த்துவிட்டேன். மறு வருடத்திலிருந்து கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பது நான்தான். பிளாஸ்டர் அறைக் கதவில் ஒன்று ஒட்டுவோம். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று போகும். எங்களுக்கு அச்சு அனுப்புகிற ஒரு பல் டாக்டரம்மா அந்தப் பத்தையும் தன் கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்குப் போடுகிறார். பல் பிடுங்க வந்த ஒருவர் அங்கேயே தூங்கிப்போய், எழுப்பியதும் வலி போய்விட்டதென்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை.

அக்காவின் கணவர் பிளம்பர். அக்காவை அக்கா என்று கூப்பிட்ட பிறகு அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். ஆறடி ஆள், குரலும் ஆறடி. அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். “என் வீட்டுக்காரி வருஷத்துக்குப் பத்து அழுமூஞ்சிங்களைப் பிடிச்சுப் பரிசு கொடுக்கிறா” என்று யார் வந்தாலும் சொல்வார். குழுவில் லிஸ்ட் வந்ததும் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போடுவார். படித்ததில்லை.

லிஸ்ட் தொடங்கிப் பன்னிரண்டாவது வருடம், செப்டம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. அக்கா இயர்போன் ஒயரை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது போயிடுச்சு போல. இடது பக்கம் கேட்கல. உன்னுதைக் கொஞ்சம் குடு,” என்றார்.

கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, “உன்னுதும் அவுட்டு” என்றார்.

“இப்பதான் அக்கா பஸ்ல கேட்டுக்கிட்டே வந்தேன்.”

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இரண்டையும் கழற்றி, இடது பக்கத்ததை வலது காதில் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் கேட்குது,” என்றார் மெதுவாக.

கெட்டுப்போனது இயர்போன் இல்லை என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அக்கா கத்தியை எடுத்து விளக்கில் காட்டிவிட்டு மெழுகில் வைத்தார். வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“கிளம்புங்க அக்கா, டாக்டரைப் பார்ப்போம்.”

“இந்தச் செட்டை முடிச்சுட்டு வர்றேன். ஒரு டீச்சரம்மா. வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகறாங்களாம், மேடையில பேசணுமாம்.”

“பல்லு காத்திருக்கும். காது காத்திருக்காது. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் வந்தது. அழுக்குதான்னு நினைச்சு ஒரு மாசம் சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருந்தார். இப்ப அந்தக் காது கண்ணாடிக் கம்பி மாட்ட மட்டும்தான் உதவுது.”

அதைக் கேட்டுத்தான் எழுந்தார். மாமா வேறு ஏதோ வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியிருந்தார், போன் எடுக்கவில்லை. நானே கூடப் போனேன்.

காது டாக்டர் அக்காவை ஒரு சின்னப் பெட்டி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு அக்காவின் கட்டைவிரல் சுறுசுறுப்பாக ஓடியது. அப்புறம் நின்றுபோனது. ரொம்ப நேரம் நின்றது.

“அந்தப் பொட்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, இப்ப வரும் இப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்,” என்று பிற்பாடு சொன்னார். “அவங்க நிறுத்திட்டாங்களோன்னு கண்ணாடி வழியாப் பார்த்தா, டெஸ்ட் எடுக்கற பொண்ணு விடாம பட்டனைத் தட்டிக்கிட்டிருக்கா. அப்பதான் புரிஞ்சுது.”

இது சில பேருக்குத் திடீரென்று வரும், காரணம் பெரும்பாலும் தெரியாது, லேப் மோட்டார் செய்த வேலையாகத் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். முழுதாகத் திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். “இன்னைக்கே வந்தீங்க பாருங்க, அது பெரிய விஷயம்” என்றார். மாத்திரை கொடுத்தார். அதற்கு அகோரப் பசி எடுக்கும், எரிச்சலும் வரும் என்று எச்சரித்தார். இரண்டும் வந்தது. இரண்டு வாரம் என் சாப்பாட்டுப் பெட்டியில் பாதி அக்காவுக்கு, திட்டு முழுவதும் எனக்கு.

ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதித்தார்கள். கனத்த சத்தங்கள் கொஞ்சம் வந்திருந்தன. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் வரவில்லை. யாராவது பேசினால் அந்தக் காதில் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. வலது காதுக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு மேல் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர்.

அக்கா வெளியே வந்து, “இனிமே யார் என்ன சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடவே முடியாது. எல்லாம் உள்ளேயே தங்கும். ஜாக்கிரதையாப் பேசு” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லேபில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. டீச்சரம்மாவின் பல் புதன்கிழமையே போய்ச் சேர்ந்திருந்தது. மேடையில் முக்கால் மணி நேரம் பேசினாராம். அக்கா முன்னைவிட அதிகமாகவே வேலை செய்தார். ஆனால் இயர்போன் மேஜை டிராயருக்குள்ளேயே கிடந்தது. என் மேஜையிலிருந்து பார்த்தால் பாதம் அசையாமல் இருந்தது.

அக்காவுக்கு, வெளியூரில் படிக்கிற அவர் மகள் போன் செய்து ஒரு வழி சொன்னாள். செட்டிங்ஸில் ஒன்றை மாற்றினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதில் வந்துவிடுமாம். அக்கா மாற்றிப் பார்த்தார். இரண்டு பாட்டோடு கழற்றிவிட்டார்.

“எல்லாம் கேட்குது. ஆனா கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. யார் எங்க நிக்கறாங்கன்னே தெரியல.”

“ஒரு தடவை வலது பக்கம், ஒரு தடவை இடது பக்கம்னு மாத்திப் போட்டுக் கேளுங்களேன்,” என்றேன்.

“ஒவ்வொண்ணையும் அஞ்சு தடவை கேட்கறதே நாக்குத் தள்ளும். பத்து தடவையா? விடு. இந்த வருஷம் லிஸ்ட் கிடையாது.”

அதைச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். மேற்கொண்டு பேசவிடவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் பாதி அக்கா சொன்னது, பாதி மாமா சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதை எடுத்துக்கொண்டேன். அவர்தான் எனக்கு முதலில் பழக்கம்.

மாமாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. “லிஸ்ட் எழுதற சீசன் வந்தா அவ எரிஞ்சு விழுவா. ‘டிவியைக் குறைங்க, கதவைச் சாத்துங்க’ம்பா. இந்தத் தடவை நான் டிவியை எவ்வளவு சத்தமா வெச்சாலும் ஒரு வார்த்தை சொல்லல. ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு,” என்று அவரே என்னிடம் சொன்னார்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டு மாமா சமையலறை மேஜையிலேயே திரும்ப வந்து உட்கார்ந்தார். கையில் அக்காவின் இயர்போன்.

“இதுல எது இடது?”

“எதுக்கு?”

“நீ வலது பக்கம் போட்டுக்கோ. நான் இடது பக்கம் போட்டுக்கறேன். நான் கேட்டுச் சொல்றேன், நீ எழுதிக்கோ. ரெண்டு வேலை ஒரே நேரத்துல முடிஞ்சிடும்.”

“நீங்களா? உங்களுக்குப் பாட்டுல என்ன தெரியும்?”

“பாட்டு தெரியாது. சத்தம் தெரியும். சுவத்துக்குள்ள எந்த இடத்துல தண்ணி கசியுதுன்னு கம்பியைக் காதுல வெச்சுக் கேட்டுச் சொல்றவன் நான். நாலு கிடார் இருக்கா அஞ்சு கிடார் இருக்கான்னு சொல்ல மாட்டேனா?”

அதுவும் நிஜம்தான். ஒரு இரும்புக் கம்பியைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார் மாமா. பிறகு ஒரு இடத்தைத் தொட்டு, “இங்க உடைங்க” என்பார். தப்பாக உடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒயர் இயர்போன் என்பதால் இரண்டு தலையும் ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததில்லை என்று மாமா சொன்னார். அக்கா அவரை முறைத்தார். அக்கா போட்டது ‘படிக்கட்டுக்காரி’ என்று அவர் பேர் வைத்திருந்த ஒரு பெண்ணின் ஆல்பம். எதிரொலி நன்றாக இருக்கிறதென்று தன் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்தே முழு ஆல்பத்தையும் பதிந்தவள். காது போவதற்கு முன்பே அக்கா அதை நான்கு தடவை கேட்டிருந்தார்.

முதல் பாட்டு முடிந்தது.

“என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணுமில்ல. யாரோ மூச்சு விடறாங்க.”

“மூச்சா?”

“பாட்டுக்காரி இல்ல, வேற யாரோ. பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. அவ பாடறதுக்கு முன்னாடி இவங்க மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறாங்க. நல்லா பாடணுமேன்னு கவலைப்படறாங்க போல.”

அக்கா பென்சிலை எடுத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் மாமா கையை உயர்த்தினார்.

“நிறுத்து, நிறுத்து. குழாய் சொட்டுது.”

“நம்ம வீட்லயா?”

“இல்லம்மா, பாட்டுல. கீழ் மாடியில எங்கேயோ. வாஷர் போயிருக்கு. சொட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு சொட்டு. அப்படித்தான் சொட்டும் வாஷர் போனா.”

“காதுல பூ சுத்தாதீங்க.”

“நீயே கேட்டுப் பாரு.”

அக்கா இடது பக்கத்ததை வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். கிடாருக்கும் குரலுக்கும் ரொம்பப் பின்னால், சொட்டு. ஒரு இடைவெளி. இரண்டு சொட்டு. இரண்டு காதும் நன்றாக இருந்தபோது நான்கு தடவை கேட்டும் அவர் பிடிக்காத சத்தம்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்தக் கணக்கில் சேர்ந்த தண்ணீர் என்று தெரியாமல் மாமா எழுந்து நின்றுவிட்டாராம். இயர்போன் ஒயர் இழுத்து, போன் தரையில் விழுந்து, அதற்குத் திட்டு விழுந்தது. “திட்டினதும்தான் எனக்கு நிம்மதியாச்சு” என்றார் மாமா.

மறுநாள் லேபுக்கு வந்தவர் இயர்போனை எடுத்து, வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். பகலில் லேபில் ஒரு பக்கம், மாலையில் வீட்டில் மாமாவோடு மறு பக்கம். இப்படியே நவம்பர் முழுக்க ஓடியது. மாமா வேலை முடிந்து வந்து, குளித்து, டீயோடு மேஜையில் உட்கார்வார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு ஆல்பம்.

அவர் சொல்கிற விதமே தனி. இசைக் கருவிகளின் பேர் அவருக்குத் தெரியாது. “பைப்புல காத்து அடைச்சுக்கிட்டா உறுமுமே, அது” என்பார். அக்கா அதற்கு பேஸ் கிடார் என்று குறித்துக்கொள்வார். “மோட்டார் போட்டதும் தொட்டி ரொம்பற சத்தம், அடியில இருந்து மேல வருது” என்றால் ஆர்கன். தபால்கார மூவர் நிஜமாகவே தபால்காரர்கள். அவர்களில் டிரம்ஸ் அடிக்கிறவரை மட்டும் முதல் நாளே அவருக்குப் பிடித்துவிட்டது. “இவன் சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளு. இவனை நம்பி வேலை கொடுக்கலாம்” என்றார். மழைக்கோட்டுப் பசங்களை வாயிலேயே வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

நடுவில் ஒரு பெரிய சண்டையும் வந்தது. ஒரு வியாழக்கிழமை மாமா நாள் முழுக்கக் குழி தோண்டிவிட்டு வந்திருந்தார். செல்லோ என்கிற பெரிய பிடில் மட்டுமே இழுத்து இழுத்து வாசிக்கிற ஒரு ஆல்பம். பாட்டு முடிந்ததும் அக்கா என்ன கேட்டது என்றார்.

“அந்தப் பக்கம் புல்லாங்குழல்,” என்றார் மாமா. “ரொம்ப நல்லா ஊதறான்.”

அக்கா குறித்துக்கொண்டார். ஏதோ இடித்தது. மாற்றிப் போட்டுக் கேட்டார். புல்லாங்குழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

“தூங்கிட்டீங்களா?”

“கண்ணை மூடிக் கேட்டேன்.”

“அப்ப புல்லாங்குழல் எங்க?”

“ஒருவேளை அடுத்த பாட்டுல வருமோ என்னவோ.”

அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “தூக்கம் வந்தா தூக்கம்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இல்லாததை இருக்குன்னு சொன்னா நான் எதை நம்பி எழுதறது? எனக்கு அந்தப் பக்கம் நீங்கதானே?”

இதை அக்கா என்னிடம் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மாமா சொன்னபோது அந்தக் கடைசி வார்த்தையில் நிறுத்திவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் பேச்சில்லை. சனிக்கிழமை மாமா தன் வண்டியை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து, மகளிடம் போனில் வழி கேட்டு, அந்தச் செல்லோ ஆல்பத்தை இரண்டு தடவை முழுக்கக் கேட்டார். வந்து ஒரு சீட்டை அக்காவிடம் நீட்டினார். புதுக் குழாய் சுற்றி வந்த அட்டையின் பின்பக்கம் எழுதியது. ‘புல்லாங்குழல் இல்லை. இரண்டாவது பாட்டில் நாற்காலி நகர்கிறது. நான்காவது பாட்டில் வில் கம்பி மேல் படுவதற்கு முன்னால் ஒரு உரசல். ஏழாவது பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.’

“அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் கோபம் போயிடுச்சு,” என்றார் அக்கா. “எனக்கும் அந்த ஏழாவதுதான். எனக்கும் ஏன்னு தெரியல.”

டிசம்பர் வந்தது. பத்தை வரிசைப்படுத்த வேண்டும். முதல் இடத்துக்கு அக்காவுக்குப் படிக்கட்டுக்காரி. மாமாவுக்குத் தபால்கார மூவர். அவர்கள் அக்காவின் பத்தில் இடமே பெறவில்லை. விவகாரம் லேப் வரை வந்தது. எங்கள் வாஷ்பேசினில் பிளாஸ்டர் அடைத்துக்கொண்டதென்று மாமாவை வரவழைத்தோம். அடைப்பை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து நியாயம் கேட்டார்.

“நீயே சொல்லும்மா. மூணு பேரும் நாள் முழுக்கத் தபால் கொடுத்துட்டு, அப்புறம் வந்து வாசிச்சிருக்காங்க. ஒரு இடத்துல கூடத் தடுமாறல. அது சின்ன விஷயமா?”

“தடுமாறாததுதான் குறையே,” என்று ஜன்னலோரத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தார். “பன்னெண்டு பாட்டும் ஒரே அளவுச் செருப்பு மாதிரி இருக்கு.”

“செருப்பு ஒரே அளவாத்தானே இருக்கணும்?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். முடிவில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து அவருடையது. பதினோராவது மாமாவுடையது. அதைப் பற்றி மாமாவே எழுத வேண்டும், அக்கா ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டார். மாமா அதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கடைசியில் வந்தது இரண்டு வரி: ‘இவர்கள் வாசிப்பது கசிவில்லாத வேலை. வேலை தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும்.’

அந்த வருடத்து லிஸ்ட்டை டைப் அடித்தபோது ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கீழே இரண்டு பத்தி வந்தது. ஒன்று ‘வலப்பக்கம்’, அக்கா எழுதியது. மற்றது ‘இடப்பக்கம்’, மாமா சொல்லச் சொல்ல அக்கா எழுதியது. படிக்கட்டுக்காரிக்கு வலப்பக்கம் அக்கா ஐந்து வரி எழுதியிருந்தார், குரல் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதைப் பற்றி. இடப்பக்கம் ஒரே வரி: ‘பக்கத்தில் இருப்பவருக்கு இவள் மேல் அன்பு இருக்கிறது.’

மேலே ஒரு முன்குறிப்பும் போடச் சொன்னார். இந்த வருடம் தனக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, அதனால் இரண்டு பேர் கேட்டு எழுதியது என்று மட்டும். அவ்வளவுதான். உறவுக்காரர்கள் பல பேருக்கு அந்த வரியில்தான் விஷயமே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று ஒரு பாட்டம் கோபித்துக்கொண்டார்கள். கோபம் தீர்ந்ததும் லிஸ்ட்டைப் படித்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக முழுக்கப் படித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமாவின் தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தனார், போன் செய்தார். அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்காரியைக் கேட்டார்களாம். “அண்ணி, எங்க வீட்டு இயர்போன்ல குழாய் சொட்டுற சத்தமே வரல. அண்ணன் அளந்து விட்டாரா?” என்றார். அக்கா மூன்றாவது பாட்டு, இரண்டாவது நிமிடம் என்று இடம் சொன்னார். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார். “கேட்டுச்சு அண்ணி, கேட்டுச்சு!” என்று பின்னால் அவர் மனைவி கூவுவது எனக்கே கேட்டது, அப்போது நான் அக்கா பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பல் டாக்டரம்மா பதினொன்றையும் கிளினிக்கில் போட்டார். காத்திருப்பவர்களுக்குத் தபால்கார மூவரைத்தான் ரொம்பப் பிடிக்கிறதென்று தகவல் அனுப்பினார். அதை மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். நான் சொல்லிவிட்டேன்.

ஜனவரியில் திரும்பக் காதைச் சோதித்தார்கள். அதே அளவுதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அக்கா அன்று மத்தியானமே வேலைக்கு வந்துவிட்டார். யாராவது இடது பக்கத்திலிருந்து பேசினால் நாற்காலியோடு திரும்பிக்கொள்வது அவருக்கு இப்போது பழகிவிட்டது. எங்களுக்கும் வலது பக்கம் போய் நின்று பேசப் பழகிவிட்டது. வருத்தமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“இருக்கும், இல்லாமலா? சில பாட்டைப் பழைய மாதிரி கேட்கணும்னு ஆசை வரும். ஆனா அந்த மனுஷன் இருபத்தி மூணு வருஷமா என்கூட இருந்தும் நான் என்ன கேட்கறேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப வேலையில இருந்து போன் பண்ணி, ‘இன்னைக்கு எதைப் போடப்போற’ங்கறார். நான் குறை சொல்ல மாட்டேன்.”

பிப்ரவரியில் ஒரு நாள் மாமா வீட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். ஒரு குடியிருப்பில் குளியலறைக் குழாயை மாற்றப் போயிருக்கிறார். வாசலில் நின்று மணியை அமுக்கப் போனபோது உள்ளே யாரோ பாடுகிற சத்தம். கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். பாட்டு நிற்கும், அதே வரி திரும்ப வரும், மறுபடி நிற்கும். பதிவு செய்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. மணியை அமுக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டுக்காரர் போன் செய்து எங்கே என்று கேட்டதற்கு, “வேலை நடந்துக்கிட்டிருக்குங்க” என்று கிசுகிசுத்திருக்கிறார். பாட்டு முழுதாக ஒரு தடவை முடிந்த பிறகுதான் மணியை அமுக்கினார். கதவைத் திறந்தது வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஹெட்போன். வெளியே காத்திருந்தேன் என்று மாமா சொன்னதும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். இதுவரை நான்கு பாட்டு பதிந்திருக்கிறார், இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. என் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டு, போனில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் மாமா.

கைகூடக் கழுவாமல் மேஜையில் உட்கார்ந்தார். அக்கா வலப்பக்கம், மாமா இடப்பக்கம். நான்கு பாட்டும் ஓடியது. மாமா பாட்டைக் கேட்டதைவிட அக்காவின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

“எப்படி?”

“ரெண்டாவது நல்லாயிருக்கு. மூணாவதுல அவசரப்பட்டுட்டாங்க.”

“இந்த வருஷம் லிஸ்ட்ல போடலாமா?”

“பிப்ரவரியிலயே சிபாரிசா? வாசல்ல உட்கார்ந்து கேட்டவர் நீங்க. உங்களுக்கு அவங்க என்ன பாடினாலும் பிடிக்கும்.”

“நான் அப்படிப்பட்ட ஆளா?”

“நாலு பாட்டை ஆல்பம்னு சொல்ல முடியாது. முழுசா முடிக்கச் சொல்லுங்க. முடிச்சதும் அஞ்சு தடவை கேட்போம். அப்புறம் பார்க்கலாம்.”

மாமா உடனே போனை எடுத்து அந்த அம்மாவுக்கு அதைத் தட்டத் தொடங்கினார். மூன்றாவது பாட்டைப் பற்றிச் சொல்லலாமா, வேண்டாமா என்று நடுவில் கேட்டார்.

“சொல்லுங்க. ஆனா பதமாச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு, அக்கா இரண்டாவது பாட்டைத் திரும்பப் போட்டார்.